அரிச்சல்முனை வரை

பாம்பன் பாலத்தைக் கடந்து சுற்றுலாப் பேருந்து இராமேசுவரத் தீவினுள் நுழைகிறது. தனுஷ்கோடியை நெருங்க, சாலையின் இருபுறமும் கடல். வடக்கே பாக் விரிகுடா பெரும்பாலும் அமைதியாய்க் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா அலையெறியும். மீனவர் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அழைப்பர். கொங்கணக் கடற்கரையை மட்டும் கண்ட புனே மாணவர்க்கு இது புதுமையே.

இடிந்த தேவாலயத்தருகே வழிகாட்டி அனைவரையும் இறங்கச் சொல்வார். 1914 முதல், தொடர்வண்டியில் வந்தோர் இவ்வூரில் கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிப் போன தமிழருள் பலர் இறுதியாக மிதித்த தாய்மண் இதுவே. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் நகர் அழிந்தது. நிலையத்தை நெருங்கிய பயணியர் வண்டியைக் கடல் கொண்டது, எவரும் பிழைக்கவில்லை. வாழத் தகாத இடமென அரசு அறிவித்தது. ஆயினும் மீனவக் குடும்பங்கள் சில இன்றும் அங்கே குடிசைகளில் வாழ்கின்றன. வழிகாட்டிகள் இவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு.

2017இல் அமைந்த சாலை அரிச்சல்முனையில் முடிகிறது. அதற்கப்பால் கடலே.

பயிற்சி: உம் குடும்பத்தார் புனேக்கு எவ்வழியே வந்தனர்? வீட்டில் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.