சிவப்பா மஞ்சளா என்று கேட்டால், முதலில் பெடலைக் காட்டுங்கள்

கேள்வி: சேலையூரில் இருக்கிறேன். சனி, ஞாயிறு விடியற்காலையில் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை வழியாகக் கோவளம் வரை ரோடு பைக்கில் போய் வருவேன். வண்டி செகண்ட் ஹேண்ட். பெடலும் அதோடு வந்ததுதான். ஷூ அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் நன்றாகத் தேய்ந்துவிட்டது, அதிலும் இடது கால் ரொம்ப மோசம். போன வாரம் எழுந்து நின்று மிதிக்கும்போது தானாகவே கழன்று, விழத் தெரிந்தேன். கடையில் ஒரிஜினல் ஜோடி 1,900 ரூபாய் என்கிறார்கள். ஆன்லைனில் அதே கம்பெனி பெயர் போட்டு 550-க்கு இருக்கிறது. கேள்விப்படாத பெயரில் இன்னொன்று 800. கடைக்காரர் ‘சிவப்பா, மஞ்சளா?’ என்று கேட்டார். என்னுடையதில் நிறமே மிச்சமில்லை. எதை வாங்கலாம்? அடிக்கடி இந்தச் செலவு வராமல் இருக்க வழி உண்டா?
– வாசகர், சேலையூர்

பதில்: விலையை அப்புறம் பார்ப்போம். பெடல் என்ன கம்பெனி என்று கேட்காமல் கடைக்காரர் நிறத்தைக் கேட்டாரே, அங்கேதான் உங்கள் பணம் வீணாகப் போகப் பார்த்தது.

உங்கள் ஷூவில் இருக்கும் மூன்று துளை அமைப்பு பிரான்ஸின் லுக் கம்பெனியிலிருந்து வந்தது. பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பூட்டும் கருவி செய்துகொண்டிருந்தவர்கள், 1984-இல் அதே யோசனையை சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். மறு வருடமே சைக்கிள் வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலை மிதித்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். பின்னால் வந்த ஷிமானோவும் மற்றவர்களும் ஷூ பக்கத்துத் துளைகளை அப்படியே வைத்துக்கொண்டு, பெடலில் பூட்டும் பக்கத்தை மட்டும் ஆளுக்கொரு விதமாக மாற்றிவிட்டார்கள். அதனால் எந்த மூன்று துளை கிளீட்டும் உங்கள் ஷூவில் உட்கார்ந்துவிடும், பெடலில் மட்டும் ஏறாது. லுக்கிலேயே பழைய டெல்டா வகைக்கும் இப்போதைய கியோ வகைக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் வெல்கோ மாதிரி தைவான் கம்பெனிப் பெடல்கள் நிறைய வரும். அவற்றில் சில டெல்டா கிளீட்டைக் கேட்கும், சில கியோவை.

ஆகவே பெடலின் பக்கவாட்டிலும் அடியிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பழைய கிளீட்டைக் கழற்றி (கழற்றும் முன் செய்ய வேண்டியது கீழே இருக்கிறது), மண்ணைத் தேய்த்துக் கழுவி, பின்பக்கத்தையும் பாருங்கள். ஷூவோடு ஒட்டிக் கிடந்த பக்கம் தேய்ந்திருக்காது, அச்சில் வார்த்த எழுத்து அங்கே தப்பியிருக்க வாய்ப்புண்டு. கடைக்குப் போகும்போது வண்டியையே தள்ளிக்கொண்டு போவதுதான் நல்லது. முடியாவிட்டால் பழைய கிளீட்டோடு பெடலின் போட்டோவையும் எடுத்துப் போங்கள். புதியதைப் பழையதன்மேல் வைத்து, மூக்கின் வடிவத்தையும் பின் விளிம்பின் அகலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

இப்போது நிறம். கிளீட் பூட்டிய பிறகும் குதிகால் இடம் வலமாகக் கொஞ்சம் அசையும். எத்தனை டிகிரி அசையும் என்பதைத்தான் நிறம் சொல்கிறது. ஷிமானோவின் மூன்று துளை வகையான எஸ்பிடி-எஸ்எல்லில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2, சிவப்பு அசையவே அசையாது. லுக் கியோவில் கறுப்பு அசையாது, சாம்பல் 4.5 டிகிரி, சிவப்பு 9. கவனித்தீர்களா, ஒரு கம்பெனியில் காலை இறுக்கிப் பிடிப்பது சிவப்பு, இன்னொன்றில் அதிகம் விட்டுக்கொடுப்பதும் சிவப்பு. வாய்வார்த்தையாக ‘சிவப்பு கொடுங்க’ என்று கேட்டு வாங்கிய எத்தனையோ பேர் முழங்கால் வலியோடு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஷிமானோ என்றால் மஞ்சள், கியோ என்றால் சாம்பல் அல்லது சிவப்பு. அசையாத வகையை, யாராவது உங்களை வண்டியில் உட்கார வைத்து முறையாக அளவு பார்த்துச் சொன்னால் தவிர வாங்க வேண்டாம்.

விலைக்கு வருகிறேன். 800 ரூபாய்ச் சரக்கையும் 550 ரூபாய்ச் சரக்கையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். தன் பெயரைப் போட்டு, ‘இன்ன பெடலுக்குப் பொருந்தும்’ என்று வெளிப்படையாக எழுதி விற்பது ஒரு வகை. வெல்கோ, எக்ஸுஸ்டார் போன்றவர்கள் காலகாலமாக இதைச் செய்கிறார்கள். கொஞ்சம் சீக்கிரம் தேயலாம், பூட்டும்போது சத்தம் வேறு மாதிரி இருக்கலாம், ஆனால் வேலைக்கு ஆகும். அடுத்தவன் பெயரைப் போட்டுக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வருவது இன்னொரு வகை. அதைத் தொடாதீர்கள். கிளீட்டில் உயிர்நாடியான இடம் முன் மூக்கும் பின் உதடும். அங்கே பிளாஸ்டிக்கின் கடினமோ கனமோ கொஞ்சம் பிசகினாலும் நின்று மிதிக்கும்போது கழன்றுவிடும், இல்லையென்றால் சிக்னலில் காலை எடுக்க வராது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்த பிறகு அந்தப் பக்கம் ஜிஎஸ்டி ரோட்டில் விடியற்காலையிலும் பஸ் வரிசை எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அங்கே சாய்ந்து விழுவதற்கா 1,350 ரூபாயை மிச்சம் பிடிப்பது?

காசு மிச்சம் பிடிக்க உருப்படியான வழிகள் வேறு இருக்கின்றன. ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல் பெடல் பெட்டிக்குள்ளேயே ஒரு ஜோடி கிளீட் வரும். பந்தயம் ஓட்டுகிறவர்கள் வேறு நிறம் போட்டுக்கொள்வதால் அது பிரிக்காமல் கிடக்கும். உங்கள் ஏரியா சைக்கிள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி கேட்டுப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய மிச்சம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இடது கால் மோசம் என்கிறீர்கள். நம் ஊரில் சாலையின் இடது ஓரமாக ஓட்டுகிறோம், கேம்ப் ரோடு சிக்னலிலிருந்து டீக்கடை வாசல் வரைக்கும் இடது காலைத்தான் ஊன்றுகிறோம். அதனால் அந்தப் பக்கம் முன்னதாகவே போய்விடும். ஷிமானோவின் இந்த கிளீட்டில் இடது வலது என்ற பேதம் கிடையாது, இரண்டும் ஒன்றே. வலது கிளீட்டின் மூக்கும் உதடும் கூர்மை குறையாமல் இருந்தால், புது ஜோடியில் ஒன்றை மட்டும் இடது காலுக்குப் போட்டுவிட்டு மற்றதை எடுத்து வையுங்கள். ஒரு ஜோடிக் காசில் இரண்டு தடவை இடது பக்கம் மாற்றலாம். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. பந்தயக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்வேன், வாரக் கடைசியில் கோவளம் போய் வருபவருக்கு அது தேவையில்லை.

மாட்டுவதற்கு முன் ஒரு வேலை. பழையதைக் கழற்றும் முன்பே அதைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். கழற்றிவிட்டு ‘இங்கேதான் இருந்தது’ என்று குத்துமதிப்பாக வைத்தால் முழங்கால் சொல்லிக் காட்டும். ஸ்க்ரூவின் அறுகோணக் குழிக்குள் மணலும் தாரும் கெட்டியாக அடைந்திருக்கும், கோவளம் பக்கத்து உப்புக் காற்றில் துருவும் சேர்ந்திருக்கும். ஊசியால் அதைத் தோண்டி எடுத்துவிட்டு, 4 மி.மீ. ஆலன் கீயை அடிவரை அழுத்திச் செருகிய பிறகே திருப்புங்கள். அரைகுறையாகச் செருகித் திருகினால் குழி உருண்டுபோகும், அப்புறம் ட்ரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். புது ஸ்க்ரூவின் மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் கடையில் இரண்டு நிமிட வேலை. முதல் சவாரி முடிந்து வந்ததும் மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

புது கிளீட் முதலில் முரண்டு பிடிக்கும். பெடலின் பின்பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்திவிட்டு, காம்பவுண்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து இருபது தடவை பூட்டிக் கழற்றிப் பழகுங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் எண்ணெய் விடாதீர்கள், மணல் ஒட்டும். கழுவித் துடைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடிக்கடி தேயாமல் இருக்க என்ன வழி என்றும் கேட்டிருந்தீர்கள். கிளீட் மிதிப்பதால் தேய்வது கொஞ்சம், நடப்பதால் தேய்வதுதான் அதிகம். சிமென்ட் தரையில் டீக்கு நடப்பது, ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவது, இதெல்லாம் அரத்தில் தேய்ப்பதற்குச் சமம். கிளீட்டுக்கு மேல் மாட்டும் ரப்பர் உறை கிடைக்கிறது. ஜெர்சியின் பின் பாக்கெட்டில் அடங்கிவிடும். வண்டியை விட்டு இறங்கியதும் மாட்டிக்கொண்டால் ஒரு ஜோடி கிளீட் பல மடங்கு நாள் வரும். இதையும் அந்தந்தப் பெடல் வகைக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லை என்றால் எஸ்பிடிக்கு மாறிவிடுங்கள். இரண்டு துளை, இரும்பு கிளீட், ஷூவின் அடிப்பகுதிக்குள் பதுங்கி இருப்பதால் நடந்தாலும் தரையில் அவ்வளவாக உரசாது. 1990-இல் மலைப்பாதை ஓட்டிகளுக்காக ஷிமானோ கொண்டுவந்தது. மெட்ராஸ் ராண்டனியர்ஸ் குழு நடத்தும் 200 கி.மீ. ‘பிரெவே’ நெடுந்தூரச் சவாரியைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கப் போகிறவர்களுக்கு, வழியில் இறங்கி ஏறுவது ஏராளம் என்பதால், நான் சொல்வது இதைத்தான். ஆனால் பெடலையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஷூவும் மாற வேண்டியிருக்கலாம். சில ஆரம்ப நிலை ஷூக்களில் இரண்டு வகைத் துளையும் இருக்கும். உங்களுடையதைத் திருப்பிப் பாருங்கள். மூன்று துளை மட்டும்தான் என்றால் இந்த ஷூ கிழியும் வரை பழைய வழியிலேயே ஓட்டுங்கள். அடுத்த ஷூ வாங்கும்போது இதை யோசிக்கலாம்.