நைரோபியில் ஒரு நகர்த் திட்டம்: மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கட்டடக்கலையோ நகரத் திட்டமிடலோ படிப்பவர்கள் களத் திட்டத்துக்கு ஆப்பிரிக்க நகரம் ஒன்றைத் தேடினால் பார்வை முதலில் நைரோபியில் போய் விழும். கிபேரா, மத்தாரே, முக்குரு ஆகிய குடிசைப் பகுதிகளைப் பற்றி அவ்வளவு எழுதிக் குவித்திருக்கிறார்கள். சிக்கலும் அங்கேதான். ஏற்கெனவே எத்தனையோ பேர் வந்து கேட்டுப்போன கேள்வியையே நீங்களும் போய்க் கேட்டால் அங்குள்ளவர்கள் சலித்துக்கொள்வார்கள். அதில் தவறும் இல்லை. ஆகவே என்ன கட்டலாம் என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

முதல் படி: நிலம் யாருடையது?

வரைபலகையைத் தொடுவதற்கு முன் இதற்கு விடை வேண்டும். பார்த்தால் எல்லாம் ஒரே தகரக் கூரைக் கடலாகத் தெரியும். உரிமை மட்டும் இடத்துக்கு இடம் மாறும். கிபேராவில் பெரும்பகுதி அரசு நிலம். பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய சூடானிய வீரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியமர்ந்த இடம் அது. அவர்களின் வழிவந்த நூபியர்களுக்கு 288 ஏக்கருக்கான உரிமைப் பத்திரம் 2017இல்தான் கைக்கு வந்தது. முக்குருவின் கதை வேறு. அங்கே நிலத்தின் பெரும்பகுதி, அரசு முன்பு தனியாருக்குக் குத்தகைக்கு ஒதுக்கியது. எடுத்தவர்கள் எதையும் கட்டவில்லை. மக்கள் வந்து குடியேறினார்கள்.

இதற்கு மேல் இன்னோர் அடுக்கு இருக்கிறது. தகர வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர், அதில் வாடகை கொடுத்து வாழ்பவர் வேறொருவர். குடியிருப்போரில் பெரும்பாலோர் வாடகைதாரர்கள்தான். நீங்கள் குழாயும் விளக்கும் கொண்டுவந்தால் வாடகை ஏறும். ஏறிய வாடகையைக் கொடுக்க முடியாதவர் அடுத்த குடிசைப் பகுதிக்கு மூட்டை கட்டுவார். திட்டம் வென்றுவிடும், யாருக்காகத் திட்டமோ அவர் அங்கே இருக்கமாட்டார். வீட்டுச் சொந்தக்காரர்களையும் வாடகைதாரர்களையும் தனித்தனியே சந்தியுங்கள். ஒரே கூட்டத்தில் உட்காரவைத்தால் வாடகைதாரர் வாயைத் திறப்பது அரிது.

இரண்டாம் படி: அனுமதிகள்

கென்யாவில் ஆய்வு செய்யத் தேசிய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க ஆணையத்தின் உரிமம் தேவை. ஊரில் ‘நகோஸ்டி’ என்றால்தான் புரியும். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இணைந்து விண்ணப்பியுங்கள், வேலை எளிதாகும். நைரோபிப் பல்கலைக்கழக மாணவர்களும் அமெரிக்காவின் பெர்க்லி மாணவர்களும் மத்தாரேக்கான திட்டத்தைச் சேர்ந்து வரைந்திருக்கிறார்கள். அந்த வகைக் கூட்டணியில் உள்ளூர் மாணவரை வெறும் மொழிபெயர்ப்பாளராக நடத்தாதீர்கள். பாதி வடிவமைப்பு அவர் கையில் இருக்கட்டும்.

உரிமம் கையில் இருந்தாலும் பகுதியின் ‘சீஃப்’ எனப்படும் அரசு அதிகாரியையும் மூத்தோர்களையும் பார்த்த பிறகுதான் தெருவில் இறங்கவேண்டும். பொதுக்கூட்டத்தை ‘பராஸா’ என்பார்கள். அங்கே உங்களை அறிமுகப்படுத்திவிட்டால், நோட்டுப்புத்தகத்தோடு திரிவது யார் என்ற சந்தேகம் கிளம்பாது.

மூன்றாம் படி: எண்களை நம்புவதற்கு முன்

கிபேராவில் பத்து லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்று பல ஆண்டுகள் எல்லோரும் எழுதினார்கள். 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்ததோ சுமார் 1,70,000. கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் இடைவெளி மலைக்கவைக்கிறது. கழிப்பறை எத்தனை, தண்ணீர் எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அந்த ஒற்றை எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெரிய எண்ணை நன்கொடையாளர்கள் விரும்புவார்கள் என்பதற்காக அதையே எடுத்துப் போடாதீர்கள்.

வரைபடத்திலும் இதே நிலைமை. கிபேரா நீண்ட காலம் பொது வரைபடங்களில் ஏறக்குறைய வெற்றிடமாகவே கிடந்தது. அங்குள்ள இளைஞர்கள் 2009இல் ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதை நிரப்பினார்கள். பிறகு நைரோபிப் பல்கலைக்கழகத்தோடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, ‘மட்டாட்டு’ எனும் தனியார் சிற்றுந்துகளின் தடங்களைக் கைபேசியால் பதிந்து 2014இல் படமாக வெளியிட்டன. இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அவற்றை எடுத்துக்கொண்டு, விட்டுப்போனதை மட்டும் நடந்து பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. வெயிலில் மட்டும் பார்த்த ஊருக்கு வடிகால் வரைவது வீண். நகரின் கிழக்குப் பக்கம் பரவலாகக் கரிசல் மண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அஸ்திவாரத்தைப் பற்றி மண் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கேட்பதற்கு ஓர் ஒழுங்கு

முக்குருவைச் சிறப்புத் திட்டப் பகுதியாக நைரோபி மாவட்ட அரசு 2017 ஆகஸ்டில் அறிவித்தது. சுமார் ஒரு லட்சம் குடும்பங்கள். அத்தனை பேரிடம் எப்படிக் கருத்துக் கேட்பது? ‘முவுங்கானோ வா வனவிஜிஜி’ என்னும் குடிசைவாசிகள் கூட்டமைப்பு ஒரு வழி கண்டது. பத்துப் பத்துக் குடும்பங்கள் ஒரு சிறு குழு, அத்தகைய பத்துக் குழுக்கள் சேர்ந்து ஒரு தொகுப்பு என்று ஏணிபோல அடுக்கினார்கள். பேச்சு கீழிருந்து மேலே ஏறியது. பொறியியல், சுகாதாரம், வீடு, சட்டம் என்று பிரிந்த நிபுணர் குழுக்கள் அதற்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது.

இதில் மாணவர்கள் படிக்கவேண்டிய பாடம் சாலையின் அகலம். பாடப்புத்தக அகலத்தை அப்படியே போட்டால் ஏராளமான வீடுகள் போய்விடும். அதனால் குறுகலான தெருக்களை ஏற்றுக்கொண்டு, இடிபாட்டைக் குறைக்கும் வகையில் திட்டம் வரைந்தார்கள். உங்கள் பேராசிரியர் இதற்கு மதிப்பெண் குறைத்தால் வாதாடுங்கள்.

திட்டம் இருந்தால் காப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். 2021 இறுதியில் முக்குரு க்வா ஞெங்காவில் சாலைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. அறிவிப்பு வேறு, அரசின் மற்றொரு துறை வைத்திருக்கும் சாலைக் கோடு வேறு. அந்தக் கோட்டையும் தேடிப் பிடித்து உங்கள் வரைபடத்தில் போட்டுவையுங்கள்.

ஐந்தாம் படி: சிறியதாக ஒன்று

ஹார்வர்டில் வடிவமைப்புப் படித்த ஆறு மாணவர்கள் 2006இல் ‘கௌன்குய்’ என்ற அமைப்பைத் தொடங்கி கிபேராவில் இறங்கினார்கள். அடுக்குமாடிகளைப் பற்றி அவர்கள் பேசவில்லை. ஆற்றோரம் குப்பை கொட்டிக்கிடந்த துண்டு நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். கரையைக் கட்டி, நடைபாலம் போட்டு, நிழற்கூடம் அமைத்தார்கள். அங்குள்ள குழு சிறு தொழில் நடத்த இடமும் ஒதுக்கினார்கள். பிற்பாடு கிபேராவில் இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட பொது இடங்கள் எழுந்தன. சிலவற்றில் கழிப்பறை, குடிநீர், துணி துவைக்கும் மேடை எல்லாம் உண்டு. வருமானம் வரும் ஒரு மூலையை ஒவ்வோர் இடத்திலும் வைத்ததுதான் என் கண்ணில் கெட்டிக்காரத்தனம். துடைப்பத்துக்கும் பூட்டுக்கும் பணம் அங்கிருந்து வரவேண்டும்.

ஆற்றோரத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கரையிலிருந்து எத்தனை மீட்டர் காலியாக இருக்கவேண்டும் என்பதில் கென்யச் சட்டங்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 2024 வெள்ளத்துக்குப் பிறகு 30 மீட்டர் என்று கணக்கிட்டு மத்தாரேயிலும் முக்குருவிலும் வீடுகளை இடித்தார்கள். கரையோரம் நீங்கள் போடும் பூங்கா, பக்கத்து வீட்டை அகற்றச் சாக்காகிவிடக்கூடும்.

ஆறாம் படி: பணமும் பராமரிப்பும்

கட்டும் செலவை மட்டும் போட்டு வரவுசெலவை முடிக்காதீர்கள். விளக்கு எரிய, பம்பு ஓட, பூட்டு மாற்ற ஆண்டுக்கு எவ்வளவு, யார் தருவார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். கென்யாவில் ‘சாமா’ என்ற சேமிப்புக் குழுக்கள் தெருவுக்குத் தெரு உண்டு. பணத்தை அப்படி ஏற்கெனவே கணக்கு வைத்துப் பழகிய குழுவிடம் கொடுப்பது, உங்களுக்காகப் புதிதாக ஒரு குழு உண்டாக்குவதைவிட எவ்வளவோ மேல்.

ஏழாம் படி: புறப்படும் முன்

எடுத்த அளவுகள், புகைப்படங்கள், நேர்காணல் சுருக்கம், வரைபடக் கோப்பு எல்லாவற்றிலும் ஒரு பிரதியைக் குடியிருப்போர் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். சுருக்கம் சுவாஹிலியில் இருக்கட்டும். பெரிய தாளில் அச்சிட்டுப் பிளாஸ்டிக் உறையிட்ட வரைபடம் ஒன்று கூட்டக் கூடத்தில் தொங்கவேண்டும். வழக்கறிஞர் வந்தாலும் அடுத்த மாணவர் வந்தாலும் அவர்கள் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். உங்கள் பெயர் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தால் போதும். நேர்காணல் கொடுத்தவர்களின் பெயரையும் வீட்டு எண்ணையும் எல்லாப் பிரதியிலிருந்தும் நீக்கியாயிற்றா என்று கடைசியாக ஒருமுறை சரிபாருங்கள். வாடகைத் தகராற்றில் அது யார் கையில் போய்ச் சேரும் என்று சொல்லமுடியாது.