சாப்பிட மறுக்கும் பியர்டட் டிராகன்

கேள்வி: கவனிப்பாரற்றுக் கிடந்த இரண்டு பியர்டட் டிராகன்களை மீட்டு வந்திருக்கிறேன். எலும்பும் தோலுமாக இருக்கின்றன. பூச்சி, கீரை எதையும் தொடவில்லை. என்ன செய்வது? - வாசகர், நெய்வேலி

பதில்: இரை இருக்கட்டும், முதலில் சூட்டைக் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்து ஓணான் இது. உடம்பு சூடேறாமல் செரிமானம் நடக்காது. கூண்டின் ஒரு முனையில், விளக்கின் கீழ் 40 டிகிரி செல்சியஸ்; மறுமுனையில் 25 முதல் 28. நெய்வேலி வெயிலை நம்பி விளக்கைத் தவிர்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டு அறைக்குள் அந்தச் சூடு வராது. ஜன்னல் கண்ணாடி இந்த ஓணானுக்குத் தேவையான யுவிபி (புற ஊதா) கதிரைத் தடுத்துவிடும் என்பதால் அதற்கும் தனி விளக்கு தேவை.

இரண்டையும் பிரித்து வையுங்கள். ஒன்று மற்றதை அடக்கிப் பட்டினி போட்டுவிடும். கண் குழிந்திருந்தால் நீர்ச்சத்து இல்லை என்று அர்த்தம். மூக்கு நுனியில் ஒரு சொட்டு வெதுவெதுப்பான நீர் விடுங்கள், நாக்கை நீட்டி நக்கும். வாயைப் பிளந்து ஊட்டவே ஊட்டாதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீர் உணவே ஆபத்து. சாப்பிடாமல் விட்ட பூச்சிகளை இரவில் கூண்டில் விடாதீர்கள். சோர்ந்து கிடக்கும் பிராணியைக் கடித்துவிடும்.

சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வாருங்கள். குடற்புழுவும் பசியைக் கெடுக்கும். அதனால் புதிய எச்சத்தை எடுத்துக்கொண்டு, புதுச்சேரி குரும்பாப்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். இந்த வாரமே போங்கள்.