காப்பீட்டுத் தவணை கட்ட இயலாதோர்க்கு: மதுரை வட்டாரக் குறிப்புகள்

தனியார் மருத்துவக் காப்பீட்டின் ஆண்டுத் தவணையான பிரீமியத்தைக் கட்ட இயலாத குடும்பங்கள், வட்டிக்குக் கடன் வாங்குமுன் பின்வரும் வழிகளை நாடலாம்.

• ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பம், வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்தை அணுகி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். நோய் வருமுன்னரே பதிவதே நன்று.

• இத்திட்டத்தின் கீழ்த் திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு ‘முன் அனுமதி’, அதாவது செலவை ஏற்பதாகக் காப்பீட்டு நிறுவனம் முன்கூட்டியே தரும் ஒப்புதல், கிடைத்துள்ளதா என மருத்துவமனையில் உறுதிசெய்துகொண்டு, ஐயமிருப்பின் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்க வேண்டும்.

• புறநோயாளிச் செலவு, அதாவது மருத்துவமனையில் தங்காமல் பெறும் சிகிச்சைக்கான செலவு, பொதுவாக இத்திட்டத்தில் அடங்காது. ஆகவே சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக வீட்டிலோ பெறுவது சிக்கனமாகும்.

• காப்பீட்டு அட்டை இல்லாதோர்க்கும் அரசு இராசாசி மருத்துவமனையின் கதவு திறந்தே உள்ளது. கண்புரைக்கு, 1976இல் மதுரையில் தோன்றிய அரவிந்த் கண் மருத்துவமனையின் இலவசப் பிரிவையும் கிராம முகாம்களையும் நாடலாம்.