சிக்னலில் சூடாகும் கார்

பைபாஸில் ஒழுங்காக இருக்கும் என் பழைய காரின் டெம்பரேச்சர் முள், சிக்னலில் நின்றால் கிடுகிடுவென ஏறுகிறது. ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பர்ஸை உள்ளே வையுங்கள். ரேடியேட்டர் அடைத்திருந்தால் பைபாஸ் வேகத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கும். ஓடும் வண்டிக்கு எதிர்காற்று போதும். நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் கதி. சந்தேகம் முதலில் அதன்மேல் விழட்டும்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும். சுற்றவில்லையா? இன்ஜினை அணையுங்கள். ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் எது எங்கே என்று படம் போட்டிருக்கும். ஃபேன் ஃபியூஸுக்குள் தெரியும் மெல்லிய கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், ஃபேன் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, அதே எண் அச்சிட்ட வேறொரு ரிலே (ஹாரனுடையது பல கார்களில் பொருந்தும்) செருகி மறுபடி ஏசியைப் போடுங்கள். சுற்றினால் ஒரு ரிலே செலவோடு தப்பித்தீர்கள். அப்போதும் அசையாவிட்டால் மோட்டாரையும் வயரிங்கையும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஃபேன் பக்கம் விரலை மட்டும் கொண்டுபோகாதீர்கள். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் அது தானாகச் சுற்றும்.

கூலன்ட் அளவைக் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். குறைந்திருந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்பு படிந்து, மெக்கானிக் சொன்னது நிஜமாகவே பலித்துவிடும்.

பழுது சரியாகும்வரை சிக்னலில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். உங்களுக்கு வியர்க்கும், இன்ஜினுக்குக் கொஞ்சம் ஆறும். முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள்.