செம்பு எந்த மலையில் வெட்டினார்கள்?

கேள்வி: எங்கள் பக்கத்து மயிலாடும்பாறை இரும்புக்கு 4,200 வயது என்கிறார்கள். முதலில் செம்பு, பிறகு இரும்பு என்றுதானே படித்தோம்? எங்கள் மலைகளில் பழைய செம்புச் சுரங்கம் உண்டா?
– வாசகர், பாரூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: உங்கள் மலைகள் இரும்புக்குப் பேர்போனவை, செம்புக்கு அல்ல. நீங்கள் படித்த வரிசை வட இந்தியாவுக்குப் பொருந்தும். தமிழ்நாட்டில் கற்கருவியை வைத்துவிட்டு ஏறக்குறைய நேராக இரும்பை எடுத்துக்கொண்டார்கள். இரும்புக்கல் காலடியில் கிடந்தது, செம்புக்கல் அருமை. பழைய தென்னாற்காட்டு மாமண்டூரில் ஈயம், துத்தநாகத்தோடு கலந்து கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய செம்புச் சுரங்கம் பார்க்க வேண்டுமென்றால் ராஜஸ்தானத்து ஆரவல்லி மலைக்குப் போக வேண்டும். ஊர் கேத்ரி. விவேகானந்தர் சிகாகோ போக உதவிய அஜித் சிங் ஆண்ட அதே ஊர்தான். அந்த வட்டாரத்துச் செம்பைக் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டிலேயே உருக்கினார்கள். அருகிலுள்ள கணேஷ்வரில் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட செம்புப் பொருள்கள் கிடைத்தன: அம்புமுனை, கோடரி, வளையல், தூண்டில் முள்கூட. இன்று மழைக்கு மட்டும் ஓடும் காந்த்லி ஆற்றில் அன்று மீன் பிடித்திருக்கிறார்கள்! சிந்துவெளி நகரங்களுக்கும் இங்கிருந்து செம்பு போனது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

வெடிமருந்து இல்லாத காலத்தில் பாறையை எப்படி உடைத்தார்கள்? பாறையை ஒட்டி விறகு அடுக்கி எரித்தார்கள். சூட்டில் கல் விரிசல் விட்டதும் கல் சுத்தியலால் பெயர்த்தார்கள். பொன்போல மின்னும் அந்தக் கல்லில் கந்தகம் கலந்திருக்கும். முதலில் திறந்த வெளியில் வறுத்துக் கந்தகத்தைப் போக்கிவிட்டு, மண் உலையில் கரியோடு போட்டுத் துருத்தி ஊதினார்கள். 1,085 டிகிரியில் செம்பு உருகி அடியில் தங்கும். மேலே மிதக்கும் கசடை வடித்துக் கொட்டுவார்கள். கேத்ரிக்குப் பக்கத்துச் சிங்கானா செம்புச் சுரங்கத்தை அக்பர் காலத்து அபுல் ஃபசலும் குறித்திருக்கிறார். 1967இல் தொடங்கிய இந்துஸ்தான் காப்பர் நிறுவனம் இன்றும் கேத்ரியில் வெட்டுகிறது. அங்கிருந்த உருக்காலை மட்டும் 2008இல் நின்றுபோனது.

பாரூர்க்காரருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வயலில் ஓட்டை ஓட்டையாக, கறுத்து, கைக்குக் கனமான கல் தட்டுப்பட்டால் அது இரும்பு உருக்கியபோது கழித்த கசடாக, அதாவது இரும்புக் கிட்டமாக இருக்கலாம். வரப்பில் வீசிவிடாமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.