மாத்திரைக்குக் காவல் நிற்கும் துணை: இளம் மனநலப் பணியாளருக்கு ஒரு கடிதம்

மனநலப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் சமூகப் பணியாளருக்கு,

தீவிர மனநோய் என்று மருத்துவம் சொல்பவற்றில் முதல் வரிசையில் இருப்பவை மனச்சிதைவு நோயும் இருமுனை மனநோயும். இரண்டும் பெரும்பாலும் பதின்பருவத்தின் முடிவிலிருந்து முப்பதுகளின் தொடக்கத்துக்குள் தலைகாட்டுகின்றன. தமிழ்நாட்டில் அதுவே ஜாதகம் பார்த்துக் கல்யாணம் முடிக்கும் வயது. ஆகவே நோய் வந்தவருக்குப் பக்கத்தில், அந்த நோயின் பெயரைக்கூட அதுவரை கேட்டிராத இன்னொருவர் தாலி கட்டியவராகவோ கட்டிக்கொண்டவராகவோ நிற்கிறார். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஓபி நாளில் அவரிடம் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்கப்படும்: தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, மாத்திரை போடுகிறாரா? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பழைய சீட்டுகளையெல்லாம் பையில் அடுக்கி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்தவர், மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு மருந்து வாங்கும் வரிசைக்குப் போய்விடுவார். சிகிச்சையின் பெரும்பகுதியை வீட்டில் நடத்துபவர் அவர்தான். அவரைத் தகவல் சொல்லும் ஆளாக மட்டும் நடத்துவதே இந்தத் துறையின் பழைய குறை.

திருமணத்துக்குப் பிறகு நோய் வந்த வீடு வேறு. நோயை மறைத்துத் திருமணம் செய்துவைத்த வீடு வேறு. 'கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. கல்யாணம் எந்த மனநோயையும் குணப்படுத்தியதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ தெரிந்துவிடும் என்ற பயத்தில் முகூர்த்தத்துக்கு முன்பே மருந்தை நிறுத்தி, சில வாரங்களில் நோய் திரும்பிய குடும்பங்கள்தான் மருத்துவமனைக்கு வருகின்றன. ஏமாற்றப்பட்டோம் என்ற கொதிப்போடு வருபவரிடம் முதல் சந்திப்பிலேயே மூளையின் வேதிப்பொருள்களை விளக்கத் தொடங்கினால் எதுவும் ஏறாது. அந்தக் கோபம் நியாயமானது, பெரும்பாலும் மாமனார் மாமியார் மீதானது. அதை முழுவதும் சொல்ல விட்ட பிறகே நோயைப் பற்றிய பேச்சுக்கு இடம் உண்டாகும்.

நோய் எது, குணம் எது என்று பிரித்துக் காட்டுவது சமூகப் பணியாளரின் முதல் கடமை. காதில் குரல் கேட்பதையும், போலீஸ் பின்தொடர்வதாகச் சொல்வதையும் நோய் என்று ஏற்பது மனைவிக்குக் கடினமாக இருப்பதில்லை. நாலு நாளாக ஒரே லுங்கி, கூப்பிட்டால் 'ம்' என்றுகூடச் சொல்லாமை, குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது: இவைதான் அவரை உடைக்கின்றன. சோம்பேறித்தனம், திமிர், என் மேல் பிரியமில்லை என்று அவர் பொருள் கொள்கிறார். செயலூக்கம் குன்றிப்போவதும் முகத்தில் உணர்ச்சி மங்குவதும் மனச்சிதைவின் அறிகுறிகளே என்பதையும், இப்போதுள்ள மருந்துகள் பிரமைகளை அடக்கும் அளவுக்கு இவற்றை மாற்றுவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 'மாத்திரை சாப்பிட்டால் பழைய மனிதராகிவிடுவார்' என்ற வாக்குறுதி ஓராண்டுக்குள் பொய்த்துவிடும். அதோடு சிகிச்சை மீதான நம்பிக்கையும் போய்விடும்.

வீட்டுச் சூழலுக்கும் நோய்க்கும் உள்ள உறவு லண்டனில் ஆராயப்பட்டது. 1958-இல் ஜார்ஜ் பிரவுனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையிலிருந்து மனைவியிடமோ பெற்றோரிடமோ திரும்பியவர்கள், உடன்பிறந்தாரிடமோ வாடகை அறைக்கோ போனவர்களைவிட மோசமாக இருந்தது தெரியவந்தது. ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுமீறிய தலையீடு ஆகிய மூன்றும் நோய் திரும்புவதோடு தொடர்புள்ளவை என்பது பின்னர் தெளிவானது. 1976-இல் வான், லெஃப் இருவரும் செய்த ஆய்வு, அத்தகைய வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பது ஆபத்தைக் கூட்டுவதாகவும், மருந்து அதைக் குறைப்பதாகவும் காட்டியது. 1980களில் சண்டிகரில் இதே அளவுகோலைப் பயன்படுத்தியபோது, குறைகூறும் குடும்பங்கள் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தன.

இந்த ஆய்வுகளை அரைகுறையாகப் படித்தவர்கள் மனைவியைப் பார்த்து 'நீங்க திட்டுறதாலதான் அவருக்கு இப்படி' என்று சொல்லியிருக்கிறார்கள். அது கொடுமை. குறைகூறல் நோயை உண்டாக்குவதில்லை. நோயோடு தனியாகக் கிடந்து சலித்த மனத்திலிருந்து அது வருகிறது. ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. நோயாளி பகலில் சில மணி நேரமாவது தையற்கடையிலோ பகல்நேரப் பராமரிப்பு மையத்திலோ மாமன் கடையிலோ இருந்தால் இருவருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். 'எப்பப் பார்த்தாலும் படுத்தே கிட' என்பதற்குப் பதிலாக 'தண்ணி வந்திருக்கு, ரெண்டு குடம் பிடிச்சு வை' என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லப் பழகுவதும் சிகிச்சையின் பகுதியே.

தாம்பத்தியத்தை அதிகமாக அரிப்பது மாத்திரை. இரவு எட்டரைக்கு மனைவி தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறார், கணவர் விழுங்குகிறார், 'வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க' என்கிறார் மனைவி. கன்னத்துக்குள் ஒதுக்கிய மாத்திரை மறுநாள் ஜன்னலோரம் கிடக்கிறது. அட்டையில் எத்தனை மீதி என்று எண்ணுவதும், குப்பையைக் கிளறுவதும் வாடிக்கையாகும்போது ஒருவர் காவலாளி, மற்றவர் கைதி. அந்த உறவில் பிரியம் தங்காது. இங்கே பணியாளர் மருத்துவரிடம் பேசிச் செய்யக்கூடியது உண்டு: இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் நீடித்துச் செயல்படும் ஊசிக்கு நோயாளி சம்மதித்தால், கண்காணிக்கும் வேலை மனைவியிடமிருந்து செவிலியருக்குப் போய்விடும். வீடு மீண்டும் வீடாகும். நோயாளிக்குத் தெரியாமல் காபியிலோ சாம்பாரிலோ மருந்து கலப்பது பல வீடுகளில் நடக்கிறது. செய்பவர் அன்பினால்தான் செய்கிறார். ஆனால் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே அஞ்சும் ஒருவர் அதைக் கண்டுபிடிக்கும் நாளில், அந்த அச்சத்துக்குச் சாட்சி கிடைத்துவிடும். பிறகு அவர் வீட்டில் சாப்பிடவே மாட்டார்.

சில மருந்துகளைப் பற்றித் துணைக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். லித்தியம் சாப்பிடுபவரின் உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். சித்திரை வெயிலில் வேலை, வயிற்றுப்போக்கு, கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை ஆகிய ஒவ்வொன்றும் ஆபத்து. கை கடுமையாக நடுங்கி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் அடுத்த ஓபி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். க்ளோஜாபின் தொடங்கியவருக்கு முதல் 18 வாரம் வாரந்தோறும் வெள்ளணுப் பரிசோதனை தேவை; இடையில் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் தாமதிக்கக் கூடாது. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்ணுக்கு வால்புரோயேட் சிசுவைப் பாதிக்கக்கூடிய மருந்து. இருமுனை நோயுள்ள பெண்ணுக்குப் பிரசவத்தை அடுத்த சில வாரங்கள் நோய் திரும்ப அதிக வாய்ப்புள்ள காலம். குழந்தைக்கும் வருமா என்று கேட்கத் துடிக்கும் தம்பதிக்கும் பதில் உண்டு: பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஏறக்குறைய பத்து. பொதுமக்களிடையே அது ஏறக்குறைய ஒன்று.

படுக்கையறை பற்றி எவரும் கேட்பதில்லை, தம்பதியும் தாமாகச் சொல்வதில்லை. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் ப்ரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டி, ஆணுக்கு விறைப்பையும் இருவருக்கும் ஆசையையும் குறைக்கலாம். பெண்ணின் மாதவிலக்கு தள்ளிப்போகலாம். அதனாலேயே சொல்லாமல் மருந்தை நிறுத்துபவர்கள் உண்டு. மாற்று மருந்து, அளவுக் குறைப்பு என்று வழிகள் இருக்கின்றன. பணியாளர் இருவரையும் தனித்தனியே, கூச்சமில்லாமல், மற்றப் பக்கவிளைவுகளோடு சேர்த்து இதையும் கேட்டுவிட வேண்டும்.

இருமுனை நோயில் துணையின் துன்பம் வேறு வகை. எழுச்சி நிலையில் மனைவி நகையை அடகு வைத்துச் சேலை வாங்கித் தெருவுக்கே கொடுப்பார்; கணவன் வேலையை உதறிவிட்டு மேலதிகாரியைத் திட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவான். நோய் தணிந்த பின் ஒருவரிடம் வெட்கம், மற்றவரிடம் கடன். தூக்கம் குறைவதே பல வீடுகளில் முதல் அடையாளம். விடிகாலை மூன்று மணிக்குப் பாத்திரம் தேய்க்கும் சத்தத்தை வைத்தே அடுத்த வாரம் என்ன வரும் என்று சொல்லக்கூடிய கணவர்கள் இருக்கிறார்கள். அந்த அறிவைப் பயன்படுத்தும் வழி, நோயில்லாத காலத்தில் இருவரும் உட்கார்ந்து எழுதிவைப்பது: எந்த அறிகுறி கண்டதும் மருத்துவரிடம் போவது, ஏடிஎம் கார்டு யாரிடம் இருப்பது, வண்டிச் சாவி யாரிடம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் நோயாளிக்கு உரிமை தருகிறது. அந்த ஒருவர் கணவனோ மனைவியோதான் என்ற கட்டாயமில்லை. அதே சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியிலிருந்து விடுபட முடியாமல் இறந்தவர்களையும் சேர்த்து மாண்டவர்கள் 28 பேர்.

அன்பு என்ற பெயரில் அடி வாங்கச் சொல்லும் உரிமை எந்தப் பணியாளருக்கும் இல்லை. மனைவியின் நடத்தை மீது அசைக்க முடியாத சந்தேகம் கொண்ட கணவன், குறிப்பாகக் குடிப்பழக்கமும் உள்ளவன், உண்மையிலேயே ஆபத்தானவன். அங்கே முதலில் பார்க்க வேண்டியது மனைவியின் உயிர். இரவில் போக ஒரு வீடு, கையில் கொஞ்சம் பணம், பெண்கள் உதவி எண் 181 ஆகியவை முதலில். சிகிச்சைப் பேச்சு அதற்குப் பிறகு.

நோயுற்ற பெண்ணின் நிலை நோயுற்ற ஆணின் நிலையைவிடக் கடினம். சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆர். தாராவும் சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, மனச்சிதைவால் மணவாழ்வு முறிந்த பெண்களைப் பற்றியது. மனநோயாளி என்ற பெயரைவிட வாழாவெட்டி என்ற பெயரே அப்பெண்களையும் அவர்கள் வீட்டாரையும் அதிகம் வாட்டியது. விட்டுப்போகாமல், மனைவிக்குத் தலைபின்னிவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் கணவர்களும் இருக்கிறார்கள். ஊர் அவர்களைத் தெய்வம் என்கிறது, அதையே செய்யும் மனைவியைக் கடமையைச் செய்கிறாள் என்கிறது. இருவருக்கும் ஒரே அளவு உதவி வேண்டும்.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையமும் அதே பத்தாண்டில் உறவினர் உடன் தங்கும் முறையோடு தொடங்கியது. அந்த மரபு மாவட்ட மருத்துவமனையில் மிஞ்ச வேண்டுமானால், ஒவ்வொரு ஓபியிலும் துணையிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசும் பழக்கம் வேண்டும்: தூங்கினீர்களா, கடைசியாக உங்கள் அம்மா வீட்டுக்கு எப்போது போனீர்கள், கடன் எவ்வளவு, பிள்ளைகளிடம் அப்பாவுக்கு என்ன என்று சொல்லியிருக்கிறீர்கள்? துணைக்கே மனச்சோர்வு வந்திருந்தால் அவருக்கும் ஓபி சீட்டு போட வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 அவர் போனிலும் இருக்கட்டும். வேலை பற்றியும் துணைக்குச் சொல்ல வேண்டியது உண்டு: அரசு வேலையில் இருக்கும்போது மனநோயால் ஊனமுற்றவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இடம் தருவதில்லை. இது தெரியாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடும் குடும்பங்கள் உண்டு.

சிலர் பிரிந்துபோக முடிவெடுப்பார்கள். மனச்சிதைவு என்ற பெயர் மட்டுமே விவாகரத்துக்குப் போதாது, சேர்ந்து வாழ்வதை நியாயமாக எதிர்பார்க்க முடியாத அளவுக்கு அது கடுமையாக இருக்க வேண்டும் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'இருங்கள்' என்றோ 'போங்கள்' என்றோ சொல்வது பணியாளரின் வேலையல்ல. போகிறவரைக் குற்றவாளியாகப் பார்க்கவும் கூடாது. ஆனால் போகிறவர் போன பிறகும் நோயாளிக்கு அடுத்த மாத ஊசி உண்டு. அதற்கு அவரை யார் அழைத்து வருவார், பெயர் என்ன, போன் எண் என்ன என்பதை அன்றைக்கே கோப்பில் எழுதிவைத்துவிடுங்கள்.